வேக செஸ்ஸுக்கு வரும் பிள்ளைகளுக்கு

போனில் செஸ் ஆடிப் பழகிவிட்டு, பலகைக்கு முன்னால் இப்போதுதான் உட்காரப் போகிற தம்பிகளுக்கும் பாப்பாக்களுக்கும் இதை எழுதுகிறேன். சிவகாசியில் ஆப்செட் மிஷின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லித் தருகிறேன். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு வருகிற பிள்ளைகள் கூடினார்கள். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் இன்னும் கூடினார்கள். இவர்களில் பலர் மூன்று நிமிட ஆட்டத்தில் என்னைத் திணறடிப்பார்கள். அதே பிள்ளைகளை ஒரு மணி நேர ஆட்டத்தில் உட்கார வைத்தால் பதினைந்தாவது நிமிடத்தில் நெளிய ஆரம்பித்துவிடுகிறார்கள்.

வேக ஆட்டம் உன் பலத்தை உடனே காட்டிவிடும். பலவீனத்தைக் கடிகாரம் மறைத்துக்கொள்ளும். தோற்க வேண்டிய நிலையில் எதிராளியின் நேரம் தீர்ந்து நீ ஜெயித்திருப்பாய், ரேட்டிங்கும் ஏறியிருக்கும், ஆனால் ஆட்டத்தில் இருந்த ஓட்டை அப்படியே கிடக்கும். அதைத் தேடிப் பிடித்து அடைப்பது எப்படி என்பதுதான் கீழே இருப்பது.

1. முதலில் நிதானமாக ஆடு.

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி ஒருவருக்கு 10 நிமிடமோ அதற்குக் குறைவோ இருந்தால் அது பிளிட்ஸ். அதற்கு மேல் 60 நிமிடத்துக்குள் என்றால் ரேபிட். ஒரு நிமிட ஆட்டத்தை நீங்கள் புல்லட் என்கிறீர்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் புல்லட்டை அனுமதிப்பதில்லை. உலக ரேபிட் போட்டியில் வைக்கிற 15+10, அதாவது 15 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 விநாடிக் கூடுதலும், அதில் ஆரம்பியுங்கள்.

பிரஸ்ஸில் புது வேலை ஏற்றினால் எடுத்த எடுப்பில் மிஷினை முழு வேகத்தில் ஓட்டமாட்டோம். மெதுவாகக் கொஞ்சம் ஷீட் விட்டு, லென்ஸை வைத்து நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். ரிஜிஸ்டர் சரியான பிறகுதான் வேகம். விலகி இருக்கும்போதே வேகத்தைக் கூட்டினால் சாமி முகத்துக்கு இரண்டு மூக்கோடு ஆயிரக்கணக்கில் காலண்டர் வந்து விழும். செஸ்ஸிலும் வேகத்தைக் கூட்டுகிற வரிசை இதுதான்.

2. வேகமாக ஆடுகிறவன் வேகமாக யோசிக்கிறான் என்று நினைக்காதே. அவன் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறான்.

இதை விஸ்வநாதன் ஆனந்திடம் பார்க்கலாம். சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய டால் செஸ் கிளப்பில் சிறுவனாக அவர் ஆடிப் பழகினார். ஜெயித்தவர் பலகையில் தொடரலாம், தோற்றவர் எழுந்து இடம் விட வேண்டும் என்பது அங்கே வழக்கம். எழுந்திருக்கக் கூடாது என்று ஆடி ஆடி வந்த கை அது. ‘மின்னல் சிறுவன்’ என்று உலகம் அவரைக் கூப்பிட்டது. 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2017-ல் ரியாத்தில், 48 வயதில், தன்னில் பாதி வயதுப் பையன்களைத் தாண்டி உலக ரேபிட் பட்டத்தை வாங்கினார். வேகம் இளமையோடு மட்டும் சம்பந்தப்பட்டதாக இருந்தால் இது நடந்திருக்காது. பின்வரிசை மேட், குதிரை இரண்டு காயை ஒன்றாக மிரட்டுவது, எஃப்7 கட்டத்தின் பலவீனம் என்று ஆயிரக்கணக்கான அமைப்புகள் அவர் கண்ணில் பதிந்து கிடந்தன. அவற்றைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.

அதே ஆனந்திடம் சிறுவயதில் சொல்லப்பட்ட குறையும் வேகம்தான். மணிக்கணக்கில் நேரம் இருக்கும் ஆட்டத்தையும் அரை மணியில் முடித்துவிடுவார், கொஞ்சம் நின்று பார்த்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்கிற மாதிரி சில தோல்விகளும் வந்தன. உலக சாம்பியன் ஆவதற்கு அவர் நிற்கப் பழக வேண்டியிருந்தது. ஆகவே ‘நான் இயல்பிலேயே வேகம்’ என்று என்னிடம் வந்து சொல்லாதே. பயிற்சிக்கு வழி சொல்கிறேன்: ஒரு புதிர் நோட்டை எடுத்து முழுதும் போடு. முடிந்ததும் புது நோட்டுக்கு ஓடாதே, அதையே திரும்பப் போடு. மூன்றாவது முறை விடை கையில் வந்து நிற்கும். வேகம் அங்கேதான் பிறக்கிறது.

3. நேரத்தைச் செலவழிக்கக் கற்றுக்கொள்.

நல்ல பிளிட்ஸ் ஆட்டக்காரன் எல்லா நகர்த்தலையும் ஒரே வேகத்தில் ஆடுவதில்லை. தெரிந்த தொடக்கத்தை விரலாலேயே ஆடிவிட்டு, காய்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில் முப்பது விநாடி உட்கார்ந்துவிடுவான். பிறகு மறுபடி ஓடுவான். நீ என்ன செய்கிறாய் என்றால், நாலாவது நகர்த்தலில் எந்தக் குதிரையை எடுப்பது என்று யோசித்து நேரத்தை விட்டுவிட்டு, ராணி போகப்போகிற இடத்தில் பட்டென்று ஆடுகிறாய். 3+2 ஆட்டத்தில் பதினைந்தாவது நகர்த்தல் வரும்போது உன்னிடம் இரண்டு நிமிடமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் தொடக்க ஆட்டத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

கூடுதல் விநாடி இல்லாத ஆட்டத்தைக் குறைத்துக்கொள். நகர்த்தலுக்கு இரண்டு விநாடி வந்துகொண்டே இருந்தால், ஜெயித்த நிலையை ஜெயித்துத்தான் காட்ட வேண்டும். எதிராளியை ஓடவிட்டு நேரத்தைத் தின்னும் வித்தை அதில் அவ்வளவு சுலபமாகச் செல்லாது. உலக பிளிட்ஸ் போட்டியையே 3+2-ல்தான் நடத்துகிறார்கள்.

4. கடைசிக் கட்டத்தைப் படி. போனில் ஆடி வந்த பிள்ளைகள் எல்லாரிடமும் நான் பார்க்கிற பெரிய ஓட்டை இதுதான், ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

பலகையை எடுத்து வை. வெள்ளை ராஜா இ5-ல், வெள்ளைச் சிப்பாய் இ6-ல், கறுப்பு ராஜா இ7-ல். வேறு காய் இல்லை. வெள்ளை தன் ராஜாவை டி5-க்கு நகர்த்துகிறது. நீ கறுப்பு. உன் ராஜா போக நாலு கட்டம் இருக்கிறது: டி8, இ8, எஃப்8, எஃப்6. இதில் மூன்று உன்னைக் கொல்லும், ஒன்றுதான் காப்பாற்றும்.

நேராகப் பின்னால், இ8-க்குப் போ. வெள்ளை ராஜா டி6-க்கு வரும். நீ அதற்கு எதிரே டி8-ல் நில். சிப்பாய் இ7-க்கு வந்து செக் சொல்லும், நீ இ8-ல் போய் அடைத்துக்கொள். சிப்பாயைக் காப்பாற்ற வெள்ளை ராஜா இ6-க்கு வந்தே ஆக வேண்டும். வந்தால் உனக்கு நகர்த்தல் இல்லை, ஸ்டேல்மேட், டிரா. இனி முதல் நகர்த்தலில் டி8-க்குப் போயிருந்தால் என்ன ஆகும் பார். வெள்ளை ராஜா டி6-க்கு வரும், நீ இ8-க்கு விலக வேண்டியிருக்கும், சிப்பாய் இ7-ல் செக் இல்லாமல் வந்து நிற்கும். உனக்கு எஃப்7 மட்டும்தான் மிச்சம், வெள்ளை ராஜா டி7-க்கு ஏறிவிடும். அடுத்தது ராணி. ஓரச் சிப்பாயைத் தவிர மற்றவற்றுக்கு ஒரு கணக்கை மனசில் வை: செக் சொல்லாமல் ஏழாம் வரிசைக்குப் போகிற சிப்பாய் ராணியாகும், செக் சொல்லிக்கொண்டு போகிறது டிராவில் முடியும்.

இரண்டு விநாடி மிச்சம் இருக்கும்போது இதைக் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்திருந்தால் அரை விநாடி போதும். ரேட்டிங்கில் இரண்டாயிரத்தைத் தாண்டிய பையன்கள் இந்த நாலு கட்டத்தில் தவறான கட்டத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தெரியாமலேயே போனதற்குக் காரணம், இந்த நிலை வருவதற்குள் ஆட்டம் கடிகாரத்தில் முடிந்துபோவதுதான்.

இது சின்னப் பிள்ளைப் பாடம் என்று தள்ளிவிடாதே. சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12 அன்று நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது ஆட்டம், அதாவது கடைசி ஆட்டம், எப்படி முடிந்தது? டிரா ஆகியிருந்தால் மறுநாள் வேக ஆட்டத்தில் டை-பிரேக். அதில் எதிராளி டிங் லிரனுக்கே வாய்ப்பு அதிகம் என்று பலரும் சொன்னார்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். அவர் டிரா என்று விட்டுவிடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். யானைகள் வெட்டுப்பட்டன, மந்திரிகளையும் வெட்டிக்கொள்ள வைத்தார் குகேஷ். மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும். அந்த முடிவாட்டத்தில் டிங்குக்குப் பிழைக்க வழியில்லை. 18 வயதில் உலகப் பட்டம் அப்படித்தான் நம் மாநிலத்துக்கு வந்தது. சிப்பாய் முடிவாட்டம் தெரியாதவன் அங்கே மந்திரியை வெட்டத் துணியமாட்டான்.

5. பிரீமூவ்.

எதிராளி ஆடுவதற்கு முன்பே உன் நகர்த்தலைப் போட்டு வைக்கும் வசதி பலகையில் கிடையாது. போனிலும் எதிராளிக்கு வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் பயன்படுத்து. மற்ற இடங்களில் அது எதிராளியைப் பார்க்காமல் ஆடுகிற பழக்கத்தை வளர்க்கிறது.

6. தோற்ற பிறகு விரலை எடு.

இரண்டு ஆட்டம் அடுத்தடுத்துத் தோற்றால் போனைக் கீழே வை. ‘இன்னொரு ஆட்டம்’ பித்தானை அழுத்துகிற கை கோபத்தில் இருக்கும் கை. ரேட்டிங்கை மீட்கப் போகிறேன் என்று உட்கார்ந்து, இராத்திரி பன்னிரண்டு மணிக்கு இன்னும் நூறு புள்ளி கீழே இறங்கி நிற்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஆடியதில் இருந்து அவர்கள் ஒன்றும் கற்றதில்லை.

தோல்வியிலிருந்து மீள்வது எப்படி என்று பிரக்ஞானந்தாவிடம் படிக்கலாம். 2022 பிப்ரவரியில் ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் என்ற ஆன்லைன் ரேபிட் போட்டியில், 16 வயதில், கறுப்புக் காய்களோடு கார்ல்சனை 39 நகர்த்தலில் ஜெயித்தார். அது ஊருக்கே தெரியும். அதற்கு முன் அதே போட்டியில் தோல்விகள் இருந்தன. முதல் கட்டம் முடிந்தபோது நாக்-அவுட்டுக்குப் போன எட்டுப் பேரில் அவர் இல்லை. உலகின் முதல் ஆட்டக்காரரை ஜெயிப்பது ஒரு வேலை, பதினைந்து ஆட்டத்திலும் சீராக நிற்பது வேறு வேலை. அன்று அவருடைய குறை அந்தச் சீர்தான். மூன்று வருடம் கழித்து, 2025 பிப்ரவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் சீயில் குகேஷும் அவரும் சமமாக வந்து பிளிட்ஸ் டை-பிரேக் ஆடினார்கள். முதல் ஆட்டத்தைப் பிரக்ஞானந்தா தோற்றார். சில நிமிடத்துக்குள் அடுத்ததை ஜெயித்து, கடைசி ஆட்டத்தையும் ஜெயித்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். தோற்றதற்கும் அடுத்ததற்கும் நடுவே அவருக்கு நாள் கணக்கில் ஓய்வு கிடைக்கவில்லை. இந்தக் குணம் பயிற்சியால் வருவது.

7. எல்லா வேகமும் ஒன்றல்ல. நீ எதில் பலம் என்று பிரித்துப் பார்.

2025 ஜூலையில் ஜாக்ரெப்பில் குகேஷ் ரேபிட் பகுதியை 14 புள்ளியோடு முதலாவதாக முடித்தார், கார்ல்சனையும் ஜெயித்தார். அதே போட்டியின் பிளிட்ஸ் பகுதியில் சறுக்கி, மொத்தத்தில் மூன்றாவதாக வந்தார். உலக சாம்பியனுக்கே ரேபிட்டில் ஒரு பலமும் பிளிட்ஸில் வேறு பலமும் இருக்கிறது. உன் கணக்கில் புல்லட், பிளிட்ஸ், ரேபிட் மூன்றுக்கும் தனித்தனி ரேட்டிங் இருக்கும். புல்லட் மேலேயும் ரேபிட் கீழேயும் இருந்தால் அது பெருமைப்படுகிற விஷயம் இல்லை. யோசிக்க நேரம் கொடுத்தும் உனக்கு யோசிக்கத் தெரியவில்லை என்று அந்த எண்கள் சொல்கின்றன.

8. இன்ஜினிடம் போவதற்கு முன் நீயே பார்.

ஆட்டம் முடிந்த அடுத்த நொடியில் இன்ஜினைத் திறந்து, சிவப்பாகக் காட்டிய நகர்த்தலைப் பார்த்து ‘ஐயோ’ என்று சொல்லி மூடிவிடுவது ஆய்வு ஆகாது. குகேஷின் பயிற்சியாளராக இருந்த விஷ்ணு பிரசன்னா அவரைச் சிறு வயதில் இன்ஜின் பக்கமே பெரிதாக விடவில்லை. 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை சொந்தத் தலையாலேயே கணக்குப் போட்டார். உனக்கு நான் சொல்வது இதுதான்: தோற்ற ஆட்டத்தைப் பலகையில் அடுக்கி, ‘இங்கே நான் என்ன நினைத்தேன், எதிராளி என்ன நினைத்திருப்பார்’ என்று நோட்டில் இரண்டு வரி எழுது. அப்புறம் இன்ஜினைக் கேள். இரண்டு விடையும் எங்கே பிரிகிறதோ அங்கேதான் உன் பாடம் இருக்கிறது.

9. இராத்திரி ஆட்டம்.

2022 மே மாதம், செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் ஆன்லைன் போட்டியின் அரையிறுதியில் பிரக்ஞானந்தா அனிஷ் கிரியை ஜெயித்தபோது நம் நேரம் அதிகாலை இரண்டு மணி வாக்கில். காலை 8.45-க்குப் பள்ளியில் இருக்க வேண்டும், பதினோராம் வகுப்புப் பரீட்சை. இதைக் காட்டிக் கண்விழிக்க அனுமதி கேட்கிறீர்கள். அவர் விழித்திருந்தது ஐரோப்பிய நேரத்தில் நடந்த, உலகின் தலைசிறந்தவர்கள் ஆடிய போட்டிக்காக. நீ போர்வைக்குள் ஆடுகிற ஒரு நிமிட ஆட்டத்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

இன்னொன்று. காலண்டர் சீசனிலும் தீபாவளிக்கு முந்தைய மாதங்களிலும் நம் ஊர் வீடுகளில் அப்பா அம்மா ஓவர்டைம் முடித்து அலுத்து வந்து படுப்பார்கள். அந்த நேரத்தில் கடிகாரச் சத்தத்தை அணைத்துவிட்டாவது ஆடு. முடிந்தால் நீயும் படு.

10. மின்சாரமும் சிக்னலும் உன் பொறுப்பு.

ஆன்லைன் போட்டிக்கு உட்காரும்முன் சார்ஜ் போட்டு வை, இன்னொரு சிம்மில் டேட்டா வைத்துக்கொள். 2020 ஆகஸ்ட் 30 அன்று ஆன்லைன் ஒலிம்பியாட் இறுதிப் போட்டியில் இந்திய அணி ரஷ்யாவோடு ஆடும்போது உலகளாவிய இணையக் கோளாறால் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் தொடர்பு அறுந்து நேரத்தில் தோற்றார்கள். விசாரித்துவிட்டு இரு நாடுகளுக்கும் சேர்த்துத் தங்கம் கொடுத்தார்கள். உன் ஆட்டத்தை யாரும் விசாரிக்க வரமாட்டார்கள்.

11. இன்ஜின் உதவியோடு ஆடாதே. ஆதாரம் இல்லாமல் யாரையும் அப்படிச் சொல்லவும் சொல்லாதே.

2021 ஜூனில் கோவிட் நிவாரணத்துக்காக ஆனந்த் பிரபலங்களோடு ஆன்லைனில் ஆடினார். அதில் ஒரு தொழிலதிபர் ஜெயித்தார். மறுநாளே கணினி உதவி இருந்ததை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஜெயித்த சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

மறுபக்கம் இதைவிடக் கனமானது. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி வேக ஆட்டத்தைப் பொறுமையாகப் பேசிப் பேசி உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர். தன் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஏன் என்று சொல்லிக்கொண்டே ஆடுவார். அவர்மீது நிரூபிக்கப்படாத ஏமாற்றுக் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது, அது தன்னை எவ்வளவு வாட்டுகிறது என்று அவரே சொன்னார். 2025 அக்டோபரில் 29 வயதில் அவர் இறந்துபோனார். தோற்ற எரிச்சலில் எதிராளியை ‘சீட்டிங்’ என்று எழுதுகிற பிள்ளை என்னிடம் படிக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் புகார் பித்தானை அழுத்து, வாயை மூடிக்கொள்.

12. பெண் பிள்ளைகளைப் பெற்ற அண்ணாச்சிகளுக்கும் அக்காமார்களுக்கும்.

பையனுக்குப் போனைக் கொடுத்துவிட்டுப் பாப்பாவைப் பாத்திரம் தேய்க்கச் சொல்வதை நான் பார்க்கிறேன். வேக ஆட்டத்தில் இன்று நம் நாட்டுப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். 2024 டிசம்பரில் நியூயார்க்கில் கொனேரு ஹம்பி உலக ரேபிட் பட்டம் வாங்கினார். சென்னை வைஷாலி அதே ஊரில், அதே வாரத்தில், பிளிட்ஸில் வெண்கலம் வாங்கினார். 2025 ஜூலையில் ஜார்ஜியாவின் பத்தூமியில் பெண்கள் உலகக் கோப்பை இறுதியில் இரண்டு பேரும் இந்தியர்கள். நிதான ஆட்டங்கள் டிராவாகி, ரேபிட் டை-பிரேக்கில் 19 வயது திவ்யா, ஹம்பியை ஜெயித்தார். வைஷாலியின் தம்பிதான் பிரக்ஞானந்தா. அந்த வீட்டில் செஸ் முதலில் வந்தது அக்காவுக்கு. அக்கா ஆடுவதைப் பார்த்துத்தான் தம்பி காயைத் தொட்டார்.

என் வகுப்பில் பெண் பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே நிற்கிறார்கள். ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் அவர்களுக்கு விடுங்கள். கூட்டிவந்து விட ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், ஏற்பாடு செய்வோம்.

13. பலகைக்கு வா.

போன் உனக்காகச் செய்கிற வேலைகளைப் பலகை செய்யாது. செக்கில் இருக்கும்போது அதைத் தீர்க்காத நகர்த்தலை ஆடப் போன் விடாது. பலகையில் நகர்த்திக் கடிகாரத்தை அழுத்திவிட்டால் அது விதிமீறல். பிளிட்ஸில் எதிராளிக்கு ஒரு நிமிடம் கூடும், இரண்டாவது முறை செய்தால் பொதுவாக ஆட்டம் போய்விடும். தொட்ட காயை ஆட வேண்டும். எந்தக் கையால் காயை நகர்த்தினாயோ அந்தக் கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். வலது கையில் ஆடி இடது கையில் அழுத்துவது போனில் வந்தவர்களின் முதல் தப்பு, நடுவர் முதலில் கவனிப்பதும் அதுதான். எதிராளியிடம் ராஜா மட்டும் இருக்கும்போது உன் நேரம் தீர்ந்தால் நீ தோற்கவில்லை, டிரா. இது தெரியாமல் கை கொடுத்து எழுந்துவிடாதே.

நிதான ஆட்டத்தில் நகர்த்தல்களை எழுத வேண்டும். போன் தானாக எழுதிக்கொண்டிருந்ததால் உனக்கு அந்தப் பழக்கம் இல்லை. வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும், இன்றே ஆரம்பி.

அடுத்த ஞாயிறு வரும்போது இந்த வாரம் நீ தோற்ற ஆட்டங்களில் மூன்றை அந்த நோட்டில் கைப்பட எழுதிக்கொண்டு வா. ஜெயித்தவை வேண்டாம். நேரம் தீர்ந்து ஜெயித்தது ஒன்று இருந்தால், அதை மட்டும் நாலாவதாகச் சேர்த்துக்கொள்.